முதல் பீஸ் ஓகே

மைக் வந்து சேர்ந்த வெள்ளிக்கிழமையன்று ஷர்மினியின் குரலுக்கு இன்னும் ஆறு நாள் மிச்சமிருந்தது. அடுத்த வியாழன் காலை அறுவை சிகிச்சை. தைராய்டில் வந்த கட்டி குரல்வளைக்குள்ளும் புகுந்துவிட்டது, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை இருக்கும், அதன் வழியாக மூச்சு விடலாம், பேச முடியாது. டாக்டர் இதை எத்தனை பக்குவமாகச் சொல்ல முடியுமோ அத்தனை பக்குவமாகச் சொன்னார். ஷர்மினி கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாள் எம்.சி. லீவு குடுப்பீங்க டாக்டர்?" என்பதுதான்.

அவள் சுபாவம் அது. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக கியூசி. வரிசையில் வரும் பொருளை எடுத்துப் பார்த்து, சரியில்லை என்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவது வேலை. அவள் கை அந்த ஸ்டிக்கர் பக்கம் போனாலே ஓப்பரேட்டர்கள் எட்டிப் பார்ப்பார்கள். வந்த வரன்களையும் இந்த அம்மா சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்பியிருக்கும் என்று கேன்டீனில் கிண்டல் உண்டு. அது உண்மையில்லை. வந்த வரன்களே இரண்டு, இரண்டு பேரும்தான் இவளை வேண்டாம் என்றார்கள். கேன்டீனுக்கு அது தெரியாது, அவளும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இமான் என்ற பெண்தான் யோசனை சொன்னாள். குரல் இருக்கும்போதே வாக்கியங்களைப் பதிந்து வைத்துக்கொண்டால், பிறகு கைப்பேசியில் பட்டனைத் தட்டினால் சொந்தக் குரலிலேயே பேசும். மலாயிலும் ஆங்கிலத்திலும் நாற்பது வாக்கியங்கள் அச்சடித்துக் கொடுத்தாள். "தமிழுக்கு எங்ககிட்ட லிஸ்ட் இல்லக்கா. வீட்ல யார்கிட்ட என்னென்ன பேசுவீங்களோ, அதை அப்படியே எழுதிப் பதிங்க" என்றாள்.

ஷர்மினி தலையாட்டினாள். ஜெலுத்தோங்கில் ஒன்பதாம் மாடி வீட்டில் தான் ஒருத்திதான் என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்ல வாய் வரவில்லை. ஜொகூரில் அண்ணன் ஒருவர் உண்டு. தீபாவளிக்கு வாட்ஸாப்பில் ஒரு குத்துவிளக்குப் படம் அனுப்புவார். இவள் கும்பிடுகிற கையை அனுப்புவாள். அதோடு அடுத்த தீபாவளி.

மைக் கறுப்பாக, கைக்கு அடக்கமாக, மூன்று கால் ஸ்டாண்டில் நின்றது. யூஎஸ்பி வயரைச் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் பதிந்து கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது, அதற்கு மேல் ஒரு விசிறி இரைச்சல். மடிக்கணினி தொழிற்சாலையில் கழித்துப்போட்டது. விண்டோஸைத் தாங்காத கிழம் என்று சொல்லி, ஐடி பிரிவு யுகேந்திரன் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். அவன் இப்போது வேலை மாறி சிங்கப்பூர் போய்விட்டான். தொண்டையை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதால் அவனுக்கு எழுத்திலேயே அனுப்பினாள்.

"அக்கா, மைக்கைச் செருகிட்டா மட்டும் போதாதுலா" என்று பதில் வந்தது. "லேப்டாப்புக்குள்ளயே ஒரு மைக் இருக்கு. லினக்ஸ் அதைத்தான் புடிச்சிக்கிட்டு இருக்கும். எதுல கேக்கணும்னு நீங்கதான் காட்டணும்."

அவன் சொன்னபடி கறுப்புத் திரையைத் திறந்து arecord -l என்று தட்டினாள். இரண்டு பெயர் வந்தது. பூஜ்யம் என்று போட்டது மடிக்கணினியின் சொந்த மைக், ஒன்று என்று போட்டது புதிய மைக். பிறகு ஒலி அமைப்பைத் திறந்து, இன்புட் என்ற இடத்தில் புதிய மைக்கைத் தேர்ந்தெடுத்தாள். பதிவுச் செயலிக்குள்ளும் போய் அதே பெயரைக் காட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொன்னபோது பச்சைக் கோடு எகிறிச் சிவப்பைத் தொட்டது. அளவை எழுபதுக்கு இறக்கியதும் அடங்கியது. மைக்கின் அடியிலேயே ஹெட்ஃபோன் செருக ஒரு துளை இருந்தது. அதில் செருகிப் பேசினால், பேசப் பேசத் தன் குரல் காதுக்குள் பளிச்சென்று கேட்டது. கரகரத்துப் போன குரல்தான். ஆனால் அவளுடையது.

பதிந்ததைப் போட்டு முழுக்கக் கேட்டாள். சுத்தம். "முதல் பீஸ் ஓகே" என்று யுகேந்திரனுக்கு அனுப்பினாள். தொழிற்சாலை வழக்கம் அது. எந்திரத்தைச் சரிசெய்த பிறகு வருகிற முதல் பொருளைத் தலைகீழாகப் புரட்டிப் பார்ப்பார்கள். அது தேறினால் வரிசை ஓடும், பிறகு கடைசிப் பொருளைப் பார்த்தால் போதும். ஒரே ஒரு நிபந்தனை, இடையில் எந்திரத்தைக் கழற்றி மாட்டினால் மறுபடி முதல் பொருளிலிருந்து பார்க்க வேண்டும். இதை மறந்தவர்களை ஷர்மினி இருபத்தாறு வருஷமாகக் கிழி கிழி என்று கிழித்திருக்கிறாள்.

அன்றே நாற்பது வாக்கியங்களையும் முடித்தாள். முடிந்ததும் மைக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றி, மஞ்சள் துணியில் மூடி, பெட்டியில் போட்டு, அலமாரிக்குள் வைத்தாள். ஷிஃப்ட் முடிந்தால் கருவி அதன் இடத்துக்குப் போயாக வேண்டும். கழற்றி மாட்டினால் முதல் பீஸ் பார்க்க வேண்டும் என்ற சட்டம் தன் வீட்டுச் சமையலறைக்கும் உண்டு என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை காலை தமிழ் வாக்கியங்களை எழுத உட்கார்ந்தாள். தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் அன்பு என்று தலைப்புப் போட்டாள். கோபப் பக்கம் பத்து நிமிஷத்தில் நிறைந்தது. அன்புப் பக்கம் ஒரு மணி நேரமாக வெள்ளையாகவே கிடந்தது. அவளுக்கு அழுகை வந்தது. குரல் போவதற்காக இதுவரை அழாதவள், அதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லையே என்று அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு, பாசார் சந்தையிலும் லிஃப்டிலும் மற்றவர்கள் தங்கள் மனிதர்களிடம் சொல்லக் கேட்டதையெல்லாம் எழுதினாள். பசியாறிட்டியா. பயப்படாதே, நான் இருக்கேன். நாளைக்கு வா, சேர்ந்து சாப்பிடலாம். கடன் வாங்கிய வாக்கியங்கள்தான். தேவைப்படும்போது இல்லாமல் போவதற்கு இது பரவாயில்லை என்று நினைத்தாள்.

சமையலறையில்தான் தெருச் சத்தம் குறைவு என்பதால் பதிவெல்லாம் அங்கேதான். அதன் சன்னல் ஏர்வெல்லைப் பார்த்து இருந்தது. மாடி மாடியாகக் கீழே இறங்கும் காற்றுச் சந்து அது. எதிரே கையெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சமையலறைச் சன்னல். எட்டு மாதத்துக்கு முன் அங்கே ஒரு மகனும் தாயும் குடிவந்தார்கள். அந்த அம்மாள் வாக்கர் என்கிற நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு லிஃப்டுக்குக் காத்திருந்ததை ஷர்மினி ஒருமுறை பார்த்து, தலையசைத்துவிட்டுப் படியில் இறங்கிப் போயிருக்கிறாள்.

அன்றும் அடுத்த மூன்று நாளும் ஒரே மாதிரிதான். கணினியைத் திறந்து, பதிவுச் செயலியைத் திறந்து, தாளை விரித்து, எல்லாம் தயாரானபின் கடைசியாக மைக்கை எடுத்துச் செருகுவாள். ஹெட்ஃபோனை மாட்டுவாள். காதில் குரல் பளிச்சென்று கேட்கும். திரையில் கோடு ஏறி இறங்கும். ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று தரம் சொல்வாள், நல்லதைப் பிறகு பொறுக்கிக்கொள்ளலாம் என்று. சனி, ஞாயிறு, திங்கள் அன்புப் பக்கம். செவ்வாய்க்கிழமை கோபப் பக்கம். தொண்டை நாளுக்கு நாள் மங்கியது.

புதன் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கடைசி பீஸைச் சோதிக்க உட்கார்ந்தாள். நான்கு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கார் சொல்லியிருந்தாள். ஹெட்ஃபோனை மைக்கிலிருந்து பிடுங்கிக் கணினியில் செருகி, சனிக்கிழமைப் பதிவைத் தட்டினாள்.

விசிறி இரைச்சல். வெகுதூரத்தில் யாரோ பேசுகிற மாதிரித் தன் குரல். ஷர்மினி இன்புட்டைத் திறந்து பார்த்தாள். மடிக்கணினியின் சொந்த மைக் என்று இருந்தது. மைக்கைப் பிடுங்கியபோதே லினக்ஸ் பழைய மைக்குக்குத் திரும்பியிருக்கிறது. செயலியைத் திறந்த பிறகு செருகியதால் செயலி புதியதைக் கண்டுகொள்ளவே இல்லை. காதில் கேட்டது மைக்கிலிருந்து நேராக வந்த குரல், கணினிக்குள் போனது வேறு. நான்கு நாள் வேலைக்கும் சிவப்பு ஸ்டிக்கர். ஒட்ட வேண்டியது யார் நெற்றியில் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

நிறுத்தப் போனவள் நிறுத்தவில்லை. பதிவில் இன்னொரு குரல் இருந்தது.

"பசியாறிட்டியா?" என்றது அவள் குரல்.

"யாரு, என்னையா கேக்கறே?" என்றது தூரத்தில் ஒரு பெண் குரல்.

"பசியாறிட்டியா?"

"பசியாறிட்டேன்மா. ரொட்டியும் தேத்தண்ணியும். நீ பக்கத்து வீட்டுத் தங்கச்சிதானே? நான் ரோஹானா. தாசேக் கெலுகோர்லேர்ந்து வந்தோம்."

"பசியாறிட்டியா?"

"ஆச்சுன்னு சொன்னேன்லா! அறுபத்திரண்டு வயசுக்காரியை இப்படி வா போன்னு கேக்கறே, அதுவும் மூணு தரம்."

அந்தக் குரல் சிரித்தது. ஷர்மினி ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அன்று காதை அடைத்துக்கொண்டு இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். நல்ல மைக் எதிரே உள்ள வாயை மட்டும் கேட்கும். கணினியின் மட்டமான மைக்தான் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைப் பதிவு. பயப்படாதே, நான் இருக்கேன் என்றது அவள் குரல். பதிலுக்கு அந்தப் பெண் குரல், "அல்ஹம்துலில்லா. மகன் இக்மல் வேலைக்குப் போனா பன்னெண்டு மணி நேரம்மா. இடுப்பு உடைஞ்சதுலேர்ந்து நான் இந்த சன்னலண்டயேதான். ஒரு ஆளு இருக்குன்னு தெரிஞ்சா அது போதும்."

திங்கட்கிழமை. நாளைக்கு வா, சேர்ந்து சாப்பிடலாம்.

"வரேன்மா. என்ன கொண்டாரட்டும்? மீன் பொரிக்கட்டுமா?"

நாளைக்கு வா, சேர்ந்து சாப்பிடலாம்.

"வரேன், வரேன். மீனே பொரிச்சிக் கொண்டாரேன்."

செவ்வாய்க்கிழமைப் பதிவைத் தட்ட ஷர்மினிக்குப் பயமாக இருந்தது. தட்டினாள். முதலில் எங்கோ டக் டக் என்று இரும்புக் கதவு தட்டும் சத்தம். நின்று, மறுபடி தட்டும் சத்தம். அதற்கு மேலேயே அவள் குரல், அடித்தொண்டையில், தொழிற்சாலைச் சத்தத்தை மீறுகிற தோரணையில் ஏதோ கத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் குரல் மூச்சு வாங்கியபடி சன்னலுக்கு வந்தது.

"தங்கச்சி, வாசல் வரைக்கும் வந்தேன்மா. தட்டுனேன். மீன் ஆறிப்போவுது…"

"சும்மா தொந்தரவு பண்ணாதே" என்றது ஷர்மினியின் குரல்.

"சும்மா தொந்தரவு பண்ணாதே."

"சும்மா தொந்தரவு பண்ணாதே."

பிறகு சன்னலை இழுத்துச் சாத்தும் சத்தம். அதற்குப் பிறகு பதிவு முழுக்க இவள் ஒருத்தியின் குரல்தான்.

ஷர்மினி எழுந்து ஏர்வெல் சன்னலைப் பார்த்தாள். எதிர்ச் சன்னல் சாத்தியிருந்தது. "அக்கா!" என்று கூப்பிட்டாள். தொண்டை கிழிய இன்னும் நாலு தரம் கூப்பிட்டாள். வெளியே ஓடிப் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனாள். இரும்புக் கதவில் வெளிப்பூட்டு தொங்கியது. மகன் எங்கோ கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். மூன்று மணிவரை நான்கு தடவை போய்ப் பார்த்தாள். பூட்டு அப்படியே இருந்தது.

சீட்டு எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தாள். 'அக்கா, நான் உங்களைச் சொல்லவில்லை' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. தொந்தரவு என்றது உங்களை இல்லை என்றால், பசியாறிட்டியா என்று கேட்டதும் உங்களை இல்லை என்றாகிறதே. நான் இருக்கேன் என்றதும் உங்களுக்கு இல்லை என்றாகிறதே. திட்டைத் திரும்ப வாங்கினால் அன்பையும் சேர்த்துத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. சீட்டைக் கிழித்துப் போட்டாள்.

மிச்சம் ஒரு மணி நேரம். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் பாதியாகியிருந்தது. அன்புப் பக்கத்தில் முப்பது வாக்கியம், கோபப் பக்கத்தில் ஐம்பது. வேகமாகச் சொன்னால் பாதியாவது தேறும். ஷர்மினி மைக்கை முதலில் செருகினாள், பிறகு செயலியைத் திறந்தாள். இன்புட்டைப் பார்த்தாள், பெயர் சரியாக இருந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"ரோஹானாக்கா, பசியாறிட்டீங்களா?" என்றாள்.

கேட்டுப் பார்த்தாள். கூட்டத்தில் பேர் படிக்கிற மாதிரி இருந்தது. அழித்தாள். மறுபடி சொன்னாள். ஒரு மணி நேரத்தில் அந்த ஒரே வாக்கியத்தை அறுபது தரமாவது சொல்லியிருப்பாள். யாரோ ஒருவருடைய மனிதர்களுக்கு யாரோ சொன்ன மாதிரி இல்லாமல், தான் ஒருவரைக் கேட்கிற மாதிரி அது வர அத்தனை தரம் தேவைப்பட்டது. கடைசியாக ஒன்று தேறியபோது கீழே கார் ஹார்ன் அடித்தது. இந்த முறை அவள் மைக்கைப் பிடுங்கவில்லை. மேசைமேலேயே நிற்க விட்டுவிட்டு, கணினியைப் பையில் போட்டுக்கொண்டு போனாள் என்று எழுத ஆசைதான். வயர் கணினியில் இருந்ததால் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் துணியில் சுற்றவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்த ஒன்பதாம் நாள் இமான் படுக்கையருகே உட்கார்ந்து பதிவுகளைக் கைப்பேசிக்கு மாற்றினாள். "இந்த நாலு நாள் பதிவு ரொம்ப மோசமா இருக்குக்கா. இரைச்சலைக் கொறைச்சிடலாம். பின்னால பேசற அந்த அம்மா குரலை வெட்டிடட்டுமா?" என்றாள். ஷர்மினி வெள்ளைப் பலகையை வாங்கி, 'வெட்டாதே' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள். ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரத்தில் அவளைப் பார்க்க வந்தவர்கள் தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேர். அண்ணன் கும்பிடுகிற கை அனுப்பியிருந்தார்.

இருபத்திரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு வீடு வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை, நேராகச் சமையலறைக்குப் போனாள். எதிர்ச் சன்னல் சாத்தியிருந்தது. கைப்பேசியின் சத்தத்தை முழுக்க ஏற்றி, ஏர்வெல்லுக்குள் நீட்டித் தட்டினாள்.

"ரோஹானாக்கா, பசியாறிட்டீங்களா?"

அவள் குரல் ஒன்பது மாடிக்கும் கேட்டது. இனி அவளுக்கே சொந்தமில்லாத குரல். ஒன்றும் அசையவில்லை. இரண்டாம் தரம் தட்டினாள். மூன்றாம் தரம் தட்டியபோது எதிர்ச் சன்னல் ஒரு சாண் திறந்தது. திரைக்குப் பின்னால் முகம் தெரியவில்லை.

"ஆச்சு" என்றது குரல். விறைப்பாகத்தான் இருந்தது. "எங்க போயிருந்தே இத்தனை நாளா? ஒரு சத்தமும் காணோம்."

ஷர்மினி கைப்பேசியைப் பார்த்தாள். பட்டியலில் மேலும் கீழும் தேடினாள். அத்தனை வாக்கியங்களில் இதற்கு ஒரு பதில் இல்லை. "என்ன, பேச மாட்டியா?" என்றது குரல். கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பக்கத்து வீட்டு இரும்புக் கதவைத் தட்டினாள்.

நடைச் சட்டம் தரையில் உரசும் சத்தம் உள்ளே மெதுவாக வந்தது. கதவைத் திறந்த ரோஹானா இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால் நின்றாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள், ஷர்மினியின் கழுத்தில் இருந்த துளையையும் அதைச் சுற்றிய துணியையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

ஷர்மினி திங்கட்கிழமைப் பதிவைத் தேடி எடுத்துத் தட்டினாள். விசிறி இரைந்தது. நாளைக்கு வா, சேர்ந்து சாப்பிடலாம் என்று தூரத்திலிருந்து அவள் குரல் சொன்னது. வரேன்மா, என்ன கொண்டாரட்டும், மீன் பொரிக்கட்டுமா என்று ரோஹானாவின் குரல் கேட்டது.

"இது என் குரல்லா" என்றாள் ரோஹானா. கைப்பேசியைப் பார்த்தாள். ஷர்மினியின் காதைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். "அப்ப… அன்னிக்கு ஒனக்குக் கேக்கவே இல்லையா?"

ஷர்மினி இல்லை என்று தலையாட்டினாள்.

ரோஹானா சாவியை எடுத்தாள். ஒரு கை நடைச் சட்டத்தைப் பிடித்திருந்ததால் பூட்டு இரண்டு தரம் நழுவியது. "மீன் இல்ல இன்னிக்கு" என்றாள். "முட்டைதான் இருக்கு. உள்ள வா."

வரேன்க்கா என்று ஷர்மினி வாயை அசைத்தாள். சத்தம் வரவில்லை. அதற்குள் ரோஹானா தட்டு எடுக்கத் திரும்பிவிட்டாள்.